எந்த டிஸ்க், யாருடைய டிஸ்க்

“லினக்ஸ் போட எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்பவர்களிடம் இருபது நிமிடம் என்றுதான் சொல்வேன். பொய்யில்லை. மெஷினில் எஸ்எஸ்டி இருந்து, பென்டிரைவும் சுமாரான வேகத்தில் இருந்தால், கோப்புகள் இறங்கி முடிய அவ்வளவுதான் பிடிக்கும். ஆனால் மெஷினை மறுநாள் சாயங்காலம்தான் திருப்பிக் கொடுப்பேன். மீதி நேரம் இவன் என்னதான் செய்கிறான் என்ற சந்தேகம் எல்லாருக்கும் உண்டு. பக்கத்துக் கடை அண்ணாச்சி நேரடியாகவே கேட்டிருக்கிறார்: “அதுபாட்டுக்கு ஓடுது. நீ டீ குடிக்கதுக்கா காசு வாங்குத?”

இன்ஸ்டாலர் ஓடும்போது நான் டீ குடிப்பது உண்மை. எனக்கு வேலை அதற்கு முன்னாலும் பின்னாலும்தான். முன்னால், இந்த மெஷினில் என்ன இருக்கிறது, அது யாருக்கு வேண்டும் என்று துருவித் துருவிக் கேட்க வேண்டும். பின்னால், இதில் உட்காரப்போகிறவர் காலையில் வந்து செய்யும் முதல் வேலை தடங்கலில்லாமல் நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். நடுவில் இருக்கும் பகுதி வருடாவருடம் சுருங்கி, இப்போது பன்னிரண்டாம் வகுப்புப் பையன்கூட செய்துவிடுகிறான். முன்னும் பின்னும் சுருங்கவில்லை. சொல்லப்போனால் முன்பகுதி வளர்ந்துவிட்டது.

நான் வேலைக்குச் சேர்ந்தது 2001இல், திருநெல்வேலிப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில், லேப் அசிஸ்டென்டாக. பிள்ளைகளுக்கு யூனிக்ஸ் பாடம் இருந்தது: விஐ எடிட்டர், ஷெல் ஸ்கிரிப்ட், ஃபோர்க், பைப். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய அசல் யூனிக்ஸின் வழிவந்த எதையும் விலைகொடுத்து வாங்க எங்கள் கல்லூரிக்கு உத்தேசமில்லை. தேவையும் இல்லை. ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கெர்னலும், அதைச் சுற்றிச் சேர்ந்த குனு கருவிகளும் எங்கள் பாடத்திட்டத்துக்குத் தாராளமாகப் போதும். லைசென்ஸ் காசு கிடையாது. சிடியும் பிசி குவெஸ்ட் பத்திரிகையோடு வந்துவிடும். இன்டர்நெட்டில் இறக்கிக்கொள்ளலாமே என்று இன்றைய பையன்கள் கேட்கிறார்கள். ஒரு சிடி 650 எம்பி. அன்றைய 56 கேபிபிஎஸ் மோடத்தில், லைன் ஒரு தடவைகூட அறுபடாமல் முழு வேகத்தில் ஓடினாலே ஒரு நாளுக்கு மேல் ஆகும். அறுபடாத லைனை நான் பார்த்ததில்லை.

லேபில் எல்லா மெஷினிலும் விண்டோஸ் 98 இருந்தது. சி வகுப்புக்கான டர்போ சி அதில்தான். அதைத் தொடாமல் பக்கத்தில் லினக்ஸை உட்கார வைக்க வேண்டும். இங்கேதான் டிஸ்கின் முதல் செக்டாரைப் படிக்க நேர்ந்தது. மொத்தமே 512 பைட். அதில் 446 பைட் பூட் செய்கிற சிறிய புரோகிராமுக்கு, 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு, கடைசி 2 பைட் முத்திரைக்கு. ஒரு பார்ட்டிஷனை விவரிக்க 16 பைட் வேண்டும் என்பதால் நான்குக்கு மேல் எழுத இடமில்லை. ஐந்தாவது வேண்டுமானால் ஒன்றை எக்ஸ்டெண்டட் என்று ஆக்கி அதற்குள் வைக்க வேண்டும். விண்டோஸை மறுபடி போட்டால் அந்த 446 பைட்டில் தன் புரோகிராமை எழுதிவிடும். லினக்ஸ் டிஸ்கில் பத்திரமாக இருக்கும், போய்ச் சேர வழி இருக்காது. செமஸ்டர் தொடக்கத்தில் யாராவது ஒருவர் விண்டோஸைப் புதுப்பித்துவிட்டு, “சார், லினக்ஸ் அழிஞ்சிருச்சு” என்று வந்து நிற்பார். சிடியைப் போட்டு, ‘லினக்ஸ் ரெஸ்க்யூ’ என்று தட்டி உள்ளே நுழைந்து, பூட் லோடரை மட்டும் மறுபடி எழுதினால் ஐந்து நிமிடத்தில் உயிர் வந்துவிடும். சி.எஸ்.இ. பிள்ளைகள் மத்தியில் எனக்குக் கிடைத்த மரியாதையில் பாதி இந்த ஐந்து நிமிடத்தில் சம்பாதித்தது.

அன்றைய பூட் லோடர் லிலோ. பழைய சாமான்தான், ஆனாலும் இவ்வளவு நேர்மையான புரோகிராமை நான் வேறு பார்த்ததில்லை. பூட் ஆகும்போது தன் பெயரின் நான்கு எழுத்தையும் ஒவ்வொன்றாகத் திரையில் அடிக்கும். ஒவ்வொரு எழுத்தும் ஒரு படி முடிந்ததற்குச் சாட்சி. திரையில் எதுவுமே வரவில்லை என்றால் லிலோ லோடே ஆகவில்லை. வேறு டிஸ்கிலிருந்து பூட் ஆகப் பார்க்கிறது அல்லது அந்தப் பார்ட்டிஷன் ஆக்டிவாக இல்லை. ‘எல்’ மட்டும் வந்து பக்கத்தில் எண்கள் வரிசையாக ஓடினால், முதல் கட்டம் வந்துவிட்டது, இரண்டாம் கட்டத்தை டிஸ்கிலிருந்து படிக்க முடியவில்லை. ‘எல், ஐ’ என்று இரண்டோடு நின்றால் இரண்டாம் கட்டம் லோடாகிவிட்டது, ஆனால் ஓடவில்லை. டிஸ்கின் கணக்கை பயாஸ் ஒரு விதமாகவும் லிலோ ஒரு விதமாகவும் போடுகின்றன என்று அர்த்தம். நான்கும் வந்தால் கவலையில்லை. ஃபோனில் “சார், ‘எல் ஐ’ன்னு வந்து நிக்குது” என்று சொன்னால் போதும், மெஷினைப் பார்க்காமலே என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிடலாம். இப்போதைய லேப்டாப்பில் கம்பெனி லோகோவும் சுழலும் வட்டமும் வருகின்றன. எங்கே நின்றது என்று அதைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

‘எல், ஐ’யில் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் 1024 சிலிண்டர் விவகாரம். பழைய பயாஸ் வழியாகப் போனால் டிஸ்கின் முதல் 1024 சிலிண்டருக்கு அப்பால் எட்டாது. பெரிய டிஸ்கில் அது கிட்டத்தட்ட முதல் 8 ஜிபி. எங்கள் மெஷின்களில் 20 ஜிபி டிஸ்க். முன்பாதி முழுக்க விண்டோஸ். கெர்னல் பின்பாதியில் உட்கார்ந்தால் பூட் லோடர் கைநீட்டி எடுக்க முடியாது. ஆகவே டிஸ்கின் முன்னாலேயே ‘பூட்’ என்று ஒரு சிறு பார்ட்டிஷன் ஒதுக்கி, கெர்னலை மட்டும் அங்கே வைப்போம். 2000க்குப் பிறகு வந்த லிலோவும், அதையடுத்து கிரப்பும் புதிய பயாஸ்களில் இந்தத் தடையைத் தாண்டிவிட்டன. பழக்கம் மட்டும் பலருக்குப் போகவில்லை. காரணம் தெரியாமலே இன்றும் முன்னால் ‘பூட்’ ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

மானிட்டர் சமாசாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ் விண்டோவை அமைக்கும்போது மானிட்டரின் கிடைமட்ட அதிர்வெண், செங்குத்து அதிர்வெண் இரண்டையும் நாம்தான் சொல்ல வேண்டும். தவறாகக் கொடுத்தால் பழைய சிஆர்டி மானிட்டர் கீச்சென்று சத்தம் போடும். உடனே அணைக்காவிட்டால் பழுதாகவும் வாய்ப்புண்டு. மானிட்டரோடு வரும் கையேட்டை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. நான் ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். இன்று அந்த நோட்டுக்கு எந்த உபயோகமும் இல்லை. மானிட்டரே தன் விவரத்தைக் கேபிள் வழியாகச் சொல்லிவிடுகிறது, கெர்னல் கேட்டுக்கொள்கிறது. சவுண்ட் கார்டு, நெட்வொர்க் கார்டு, மவுஸ் எல்லாம் இதே கதைதான். நடுப்பகுதி சுருங்கியது என்று சொன்னது இதைத்தான்.

சுருங்காத இடம் டிஸ்க்.

இன்ஸ்டாலரில் பத்துப் பன்னிரண்டு கேள்விகள் வரும். மொழி, கீபோர்டு, நேர மண்டலம், பெயர், பாஸ்வேர்டு. எதைத் தப்பாகச் சொன்னாலும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். பார்ட்டிஷன் அட்டவணையை எழுதட்டுமா என்ற கேள்விக்கு மட்டும் திரும்பி வர வழியில்லை. இதை வாடிக்கையாளர்களிடம் விளக்கும்போது ஒரு ரைஸ் மில் முதலாளி சொன்னார், “சொத்துப் பாகம் பிரிச்சு ரிஜிஸ்டர் பண்ணுத மாதிரியா? அப்போ எல்லாரும் வந்து உக்காந்த பெறகு செய்யணும்.” அன்றிலிருந்து மெஷினின் சொந்தக்காரரை எதிரில் உட்கார வைத்துக்கொண்டுதான் அந்தத் திரையைத் தாண்டுகிறேன். ‘டி’ டிரைவில் என்ன இருக்கிறது, மகன் படித்தபோது வைத்த ஃபோல்டர் வேண்டுமா, டெஸ்க்டாப்பில் இருப்பதும் ‘சி’ டிரைவில்தான் இருக்கிறது என்று தெரியுமா. கடைசிக் கேள்விக்கு முக்கால்வாசிப் பேர் “தெரியாதே” என்றுதான் சொல்வார்கள். முக்கியமான எல்லாமும் டெஸ்க்டாப்பில்தான் இருக்கும்.

ஒரு ஸ்டூடியோக்காரர் கதை இது. கல்யாண போட்டோ எடுப்பவர். மெஷினில் விண்டோஸ் ஓடும் 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று, படங்கள் வைத்திருக்கும் 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று. விடுமுறைக்கு வந்த மருமகப் பிள்ளை, மாமாவுக்கு உதவி செய்வதாக லினக்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறார். ‘டிஸ்கை முழுவதும் அழித்து நிறுவு’ என்பதைத் தேர்ந்தெடுத்தார். இன்ஸ்டாலர் காட்டிய பெயர் எஸ்டிஏ. முதல் டிஸ்க்தானே விண்டோஸ் இருப்பது என்று நினைத்துவிட்டார். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் கெர்னல் டிஸ்கைக் கண்டுபிடிக்கும் வரிசையில் வருபவை; ஒரு பூட்டுக்கும் அடுத்த பூட்டுக்கும்கூட மாறலாம். அன்று எஸ்டிஏ என்று வந்தது படங்கள் இருந்த டிஸ்க்.

என்னிடம் வந்தபோது நல்லவேளையாக ஒருநாள்கூட அதில் வேலை பார்க்கவில்லை. அந்த டிஸ்கை மவுன்ட் செய்யாமல், பென்டிரைவிலிருந்து பூட் செய்து, டெஸ்ட்டிஸ்க்கில் பழைய பார்ட்டிஷனைத் தேடினேன். எல்லை கிடைத்தது, ஃபைல் சிஸ்டத்தின் தலைப்பகுதி மேலெழுதப்பட்டிருந்தது. அடுத்து ஃபோட்டோரெக். அது ஃபோல்டர், பெயர் எதையும் பார்க்காது. ஜேபெக் கோப்பு எந்த பைட்டுகளில் தொடங்கும் என்று தெரிந்து வைத்துக்கொண்டு டிஸ்கைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை அலசும். படங்களில் பெரும்பங்கு வந்தது, ஆனால் ‘எஃப்’ என்ற எழுத்தும் அதன் பின்னால் செக்டார் எண்ணும்தான் பெயர். எந்தப் படம் எந்தக் கல்யாணம் என்று பிரிக்க அவரும் அவர் மனைவியும் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். புதிதாக எழுதப்பட்ட லினக்ஸ் கோப்புகளுக்கு அடியில் போனவை போனவைதான்.

டெஸ்க்டாப்பாக இருந்தால் தொடக்கூடாத டிஸ்கின் கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் இன்ஸ்டாலரைத் தொடங்குகிறேன். இதைப் பார்த்துச் சிரிக்கிற இளைஞர்கள் உண்டு. சிரிக்கட்டும். கேபிள் இல்லாத டிஸ்கை எந்த இன்ஸ்டாலராலும் அழிக்க முடியாது. கழற்ற முடியாத இடத்தில் டிஸ்கின் அளவு, மாடல், சீரியல் எண் மூன்றையும் துண்டுச் சீட்டில் எழுதி வைத்து, திரையில் வருவதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

லேப்டாப்பில் விசாரணை இன்னும் நீளம். 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து பயாஸ் இருந்த இடத்தில் யூஇஎஃப்ஐ வந்துவிட்டது. 446 பைட் சண்டை முடிந்தது. ஃபாட்32இல் தனியாக ஒரு பார்ட்டிஷன், ஒவ்வொரு ஓஎஸ்ஸுக்கும் அதில் ஒரு ஃபோல்டர். நான்கு பார்ட்டிஷன் எல்லையும் ஜிபிடி என்ற புதிய அட்டவணை முறை வந்ததும் போய்விட்டது. நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் கூடவே வேறு சில வந்தன. விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி ஷட் டவுன் செய்தாலும் முழுக்க அணைக்காமல் பாதித் தூக்கத்தில் வைத்திருக்கும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து ‘சி’ டிரைவில் எழுதினால் கோப்புகள் கெடும். லினக்ஸ் அதைக் கண்டுகொண்டு, படிக்க மட்டும்தான் அனுமதிக்கும். முதலில் அதை அணைக்க வேண்டும். டிஸ்கையே பூட்டிவைக்கும் பிட்லாக்கர் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்களும் நிறைய. செக்யூர் பூட் அமைப்பில் கைவைத்த பிறகு விண்டோஸைத் திறந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். சொந்தக்காரருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அவருடைய மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டுக்குள் போய் அதை எடுத்துத் தாளில் எழுதிக்கொள்ளாமல் நான் ஸ்குருடிரைவரைக்கூட எடுப்பதில்லை. அந்த அக்கவுன்ட்டின் பாஸ்வேர்டு மறந்திருக்கும். ஓடிபி வரவேண்டிய ஃபோன் எண் மாறியிருக்கும். டீ குடித்தானா என்று கேட்கிறாரே அண்ணாச்சி, நேரம் இங்கேதான் போகிறது.

இன்னொன்று: இன்ஸ்டாலர் டிஸ்கையே காட்டாது. டிஸ்க் பழுது என்று மாற்றச் சொல்லிவிடுவார்கள். பல லேப்டாப்களில் சேமிப்பகம் ரெய்டு முறையில் வைக்கப்பட்டு வருகிறது. செட்டிங்ஸில் அதை ஏஹெச்சிஐக்கு மாற்றினால் லினக்ஸுக்குத் தெரியும். ஆனால் அப்படியே மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும். விண்டோஸை முதலில் சேஃப் மோடில் பூட் ஆகும்படி வைத்து, பிறகு செட்டிங்கை மாற்றி, சேஃப் மோடில் ஒரு தடவை திறந்துவிட்டால் தேவையான டிரைவரை அது எடுத்துக்கொள்ளும்.

கரண்ட் பற்றிப் பேசாமல் எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் பற்றிப் பேச முடியாது. லேபில் ஆரம்பத்தில் இருந்த ஃபைல் சிஸ்டம் எக்ஸ்ட்2. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அடுத்த பூட்டில் டிஸ்க் முழுவதையும் சரிபார்க்கும். சரிசெய்ய முடியாத இடம் வந்தால் ரூட் பாஸ்வேர்டைக் கொடு என்று கறுப்புத் திரையில் நிற்கும். ஒரு லேப் முழுக்க மெஷின்கள் இப்படி நிற்க, பிராக்டிகல் எக்ஸாமுக்கு வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் கைகட்டி நின்ற காட்சியெல்லாம் உண்டு. 2001 கடைசியில் வந்த ரெட் ஹாட் 7.2இல் எக்ஸ்ட்3 வந்தது. செய்யப்போவதை முதலில் ஒரு பதிவேட்டில் குறித்துவிட்டுப் பிறகு செய்யும். கரண்ட் போய் வந்தால் பதிவேட்டைப் பார்த்துச் சில நொடியில் சரியாகிவிடும். இருக்கும் எக்ஸ்ட்2வை அழிக்காமலே ஒரு கட்டளையில் எக்ஸ்ட்3 ஆக்கலாம். ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து லேப் மொத்தத்தையும் மாற்றினோம். 2012இல் தென்மாவட்டங்களில் பல மணி நேரம் மின்வெட்டு இருந்த காலத்தில், யூபிஎஸ் பேட்டரிகள் சார்ஜ் ஏறக்கூட நேரமில்லாமல் செத்துக்கொண்டிருந்தபோது, மெஷின்கள் தாக்குப்பிடித்ததற்கு அந்தப் பதிவேடு ஒரு காரணம்.

மெஷின் பல மாதம் அணைந்தே கிடந்தால் வேறு தொல்லை. மதர்போர்டில் இருக்கும் 3 வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருக்கும். டிஸ்க் கடைசியாக எழுதப்பட்ட நேரம் எதிர்காலத்தில் இருக்கிறதே என்று சோதனை முறைத்துக்கொள்ளும். பிரவுசர் எந்த சைட்டையும் திறக்காது, ஏனென்றால் சைட்டின் சான்றிதழ் இன்னும் அமலுக்கே வரவில்லை என்று மெஷினின் தேதி சொல்கிறது. பேக்கேஜ் அப்டேட்டும் இதே காரணத்தால் நிற்கும். இன்ஸ்டாலேஷன் சரியில்லை என்று மறுபடி மறுபடி ஓஎஸ் போட்டுப் பார்த்துவிட்டுக் கொண்டுவருவார்கள். நான் முதலில் அந்த பேட்டரியை மாற்றுவேன். சில்லறைக் காசுதான்.

நேரத்தில் இன்னொரு வேடிக்கை. இரண்டு ஓஎஸ்ஸும் உள்ள மெஷினில் லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளி நிற்கும். மதர்போர்டின் கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் எடுத்துக்கொள்ளும். இரண்டில் ஒன்றைச் சம்மதிக்க வைத்தால் தீர்ந்தது. லினக்ஸை மாற்றுவது சுலபம், ஒரே கட்டளை. யூனிக்ஸ் வழிவந்த எல்லாமே 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து நொடிகளை எண்ணுகின்றன. அது கிரீன்விச் நள்ளிரவு. நமக்கு விடிகாலை ஐந்தரை. தேதி தொலைந்துபோன கோப்புகள் 1970 ஜனவரி 1, காலை 5.30 என்று காட்டுவதைப் பார்த்து, அப்போது கம்ப்யூட்டரே இல்லையே என்று குழம்பியவர்கள் உண்டு. 32 பிட்டில் இந்த எண்ணிக்கை 2038 ஜனவரி 19 அன்று, நம் நேரப்படி காலை 8.44 மணிக்கு நிரம்பும். அன்றைக்கு நான் கடை திறப்பதாக இல்லை.

கல்லூரி வேலையை விட்டுக் கடை வைத்த பிறகும் லேப் வேலைகள் வந்துகொண்டிருந்தன. தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் 2007 வாக்கில் சூசி லினக்ஸுக்கு மாறியதும், சென்னை சி-டாக் பாஸ் லினக்ஸை வெளியிட்டதும் அந்தக் காலம்தான். பள்ளி, கல்லூரி நிர்வாகங்களுக்கு லினக்ஸ் என்ற பெயர் பழகியது. ஒரு மெஷினில் முழுதாக அமைத்து, அதன் படியை மற்றவற்றுக்கு நெட்வொர்க் வழியாக ஊற்றிவிடலாம். குளோனிங். ஊற்றி முடித்தால் ஒரு மெஷினுக்கும் நெட்வொர்க் வராது. முதல் மெஷினின் நெட்வொர்க் கார்டு எண்ணை யூடெவ் என்ற புரோகிராம் ஒரு கோப்பில் ‘எத்0’ என்று குறித்து வைத்திருக்கும். அந்தக் கோப்பும் சேர்ந்து வந்துவிட்டதால் ஒவ்வொரு மெஷினும் தன் கார்டை இரண்டாவது கார்டு என்று எண்ணி ‘எத்1’ என்று பெயர் வைக்கும். ‘எத்0’வுக்கு எழுதிய அமைப்பு அநாதையாகக் கிடக்கும். அந்தக் கோப்பை அழித்துவிட்டுப் படி எடுத்தால் போதும். இப்போது பெயர் வைக்கும் முறை மாறிவிட்டது. அந்த இடத்துக்கு மெஷின்-ஐடி என்ற கோப்பு வந்திருக்கிறது. அதை அழிக்காமல் படி எடுத்தால் இரண்டு மெஷின்கள் ஒரே ஐபி முகவரியை வாங்கிக்கொண்டு ஒன்றையொன்று தள்ளிவிடும் அமைப்புகள் உண்டு. எஸ்எஸ்எச் சாவிகளும் அப்படியே. எல்லா மெஷினுக்கும் ஒரே சாவி இருப்பது பாதுகாப்பே இல்லை.

2011 செப்டம்பரில் அரசு இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியபோது விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. கடைக்கு வந்த பிள்ளைகளில் பலர் கேட்டது ஒன்றே: “அண்ணே, ஆன் பண்ணதும் வர அந்த மெனுவை எடுத்துருங்க.” எடுப்பதற்கு முன் உள்ளே ஒரு தடவை திறந்து காட்டுவேன். சி புரோகிராம் அதிலேயே எழுதிப் பார்க்கலாம் என்று தெரிந்ததும், மெனு இருக்கட்டும் என்று திரும்பிப் போனவர்களும் இருந்தார்கள்.

இப்போதைய கூட்டம் வேறு. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 கேட்கிறது, புராசஸரிலும் வயது பார்க்கிறது. நல்ல நிலையில் உள்ள மெஷின்களைத் தூக்கிக்கொண்டு, “லினக்ஸ் போட்டா பறக்குமாமே” என்று வருகிறார்கள். பாதி உண்மை. ஓஎஸ் லேசாக இருக்கும். பிரவுசர் அதே பிரவுசர்தான். 2 ஜிபி ரேம் உள்ள மெஷினில் யூடியூபும் இரண்டு டேபும் திறந்தால் எந்த ஓஎஸ்ஸும் திணறும். அவர்களிடம் முதலில் எஸ்எஸ்டி போடச் சொல்வேன், பிறகு ரேம், அதற்குப் பிறகுதான் லினக்ஸ். 32 பிட் மெஷினோடு வருபவர்களுக்கு வழி குறுகிக்கொண்டே போகிறது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் அந்த வகைக்கு இன்ஸ்டாலரே கிடையாது. எந்த டிஸ்ட்ரோ நல்லது என்ற பட்டிமன்றத்துக்கு நான் போவதில்லை. வீட்டுக்கு மின்ட், பழைய மெஷினுக்கு எக்ஸ்எஃப்சிஇயோடு டெபியன். ஆர்ச் போட்டுக் கொடுங்கள் என்று கேட்கும் மாணவனிடம், அதை நீயே போடுவதற்குத்தான் அது இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

சிலருக்கு லினக்ஸே போட மாட்டேன். டிடிபி கடைக்காரரின் பத்து வருடக் கல்யாணப் பத்திரிகைகள் பேஜ்மேக்கரில், பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்களில் இருக்கும். லினக்ஸில் அவற்றைத் திறக்க வழி தேடுவதைவிட அவரை அப்படியே விடுவது உத்தமம். ஆடிட்டர் ஆபீஸிலும் அப்படித்தான். டேலி, டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் என்று எல்லாம் விண்டோஸை நம்பி இருக்கின்றன. வந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புகிறானே என்று கடைப்பையன் முகம் சுளிப்பான். மறுநாள் காலையில் ஜிஎஸ்டி ஃபைல் பண்ண முடியாமல் அவர் வந்து நிற்கும்போது அவன் இருக்க மாட்டான், நான்தான் இருப்பேன்.

போட்ட பிறகு செய்ய வேண்டியதில் பிரிண்டரும் தமிழும் முக்கியம். சில சிறிய லேசர் பிரிண்டர்கள் தங்களுக்குள் புரோகிராமையே வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர்தான் ஃபர்ம்வேரை அனுப்ப வேண்டும். அதை அமைக்காமல் விட்டால் முதல் நாள் பிரிண்ட் வரும், மறுநாள் வராது. அதனால்தான் பிரிண்டரை அணைத்துப் போட்டு மறுபடி பார்க்கிறேன். தமிழுக்கு ஐபஸ், எம்17என் இரண்டையும் போட்டு, கீபோர்டு முறையை ஆளைக் கேட்டு வைப்பேன். பள்ளி ஆசிரியர்கள் பலர் தமிழ்99 என்பார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டி அரசு ஏற்றுக்கொண்ட முறை அது. ஓய்வுபெற்ற அலுவலக டைப்பிஸ்டுகளுக்குப் பழைய டைப்ரைட்டர் அமைப்பு இல்லாவிட்டால் விரல் ஓடாது. இளைஞர்கள் ‘அம்மா’வை ஆங்கில எழுத்தில் அடித்துத்தான் பழகியிருக்கிறார்கள். மூன்றையும் போட்டுக் கொடுத்துக் குழப்புவதில்லை. அவருடைய ஒன்று மட்டும். லோஹித் அல்லது நோட்டோ எழுத்துருவில் ஒரு வரி அடித்து, ‘கொ’, ‘ஸ்ரீ’ ஒழுங்காக வருகிறதா என்று பார்த்துவிடுவேன்.

கடைசியில் ஒரு தாளில் போட்ட தேதி, டிஸ்ட்ரோ, பார்ட்டிஷன் விவரம் எழுதி, கேபினட்டின் உள்பக்கம் ஒட்டுகிறேன். பாஸ்வேர்டை மட்டும் நான் வைப்பதில்லை. சொந்தக்காரர்தான் அடிக்க வேண்டும். பக்கத்துக் கடை அண்ணாச்சியின் பில் போடும் மெஷினை மாற்றியபோதும் அப்படித்தான். “நீயே ஏதாவது வச்சிரு தம்பி” என்றார். முடியாது என்றேன். டெர்மினலில் பாஸ்வேர்டை அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது, நட்சத்திரம்கூட வராது. “கீபோர்டு வேலை செய்யலயே” என்று இரண்டு தடவை முதலிலிருந்து தொடங்கினார். மூன்றாம் முறை ஏற்றுக்கொண்டது. மறக்காமல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பேனாவை எடுத்து, கல்லாவுக்கு மேலே தொங்கிய தினசரிக் காலண்டரின் அட்டையில், ரோட்டில் போகிறவருக்கும் தெரிகிற மாதிரி பெரிதாக எழுதினார். மறுபடி உட்காரச் சொல்லி, வேறு பாஸ்வேர்டு வைக்க வைத்தேன்.